முதல் ஐஸ்: சிறு ஏரியில் ட்ரவுட் பிடிக்கத் தொடங்குவோருக்கு

டிசம்பர் மாதத்தில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஹாலிபர்ட்டன், பான்கிராஃப்ட் பக்கத்துச் சிறு ஏரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். சிம்கோ போன்ற பெரிய ஏரி அலையடித்துக் கொண்டிருக்கும்போதே, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் இருபது முப்பது ஏக்கர் ஏரியொன்று காற்றில்லாத ஓர் இரவில் கண்ணாடியாகிவிடும். அந்த ஐஸ் ஆளைத் தாங்கும் தடிப்புக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரங்களைத்தான் மீன்பிடிப்போர் 'முதல் ஐஸ்' என்கிறார்கள். குளிர்காலத்தில் ட்ரவுட் மிகச் சுலபமாகத் தூண்டிலுக்கு வரும் காலம் இதுதான். ஐஸ் மிக மெல்லியதாக இருக்கும் காலமும் இதுதான்.

தொடங்குபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிறு ஏரி கரையிலிருந்து நடுவை நோக்கி உறைகிறது. ஆகவே இந்த வாரங்களில் நடு ஏரிதான் மிக மெல்லியது. ட்ரவுட்டோ இதே வாரங்களில் கரையை ஒட்டி, ஆள் உயரத் தண்ணீரில் திரிகிறது. நடுவுக்குப் போக எந்தத் தேவையும் இல்லை. போகிறவர்கள் மீனையும் தவறவிடுகிறார்கள், உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

(இங்கே 'ஐஸ்' என்பது ஏரித் தண்ணீர் உறைந்த கட்டி. 'பனி' என்பது வானத்திலிருந்து விழுவது. இரண்டையும் கலந்து பேசினால் கீழே வரும் பாதுகாப்புக் கணக்கு குழம்பிவிடும்.)

ஐஸுக்குக் கீழே என்ன நடக்கிறது

தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. குளிரக் குளிர அது கனக்கும். ஆனால் 4 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகிவிடும். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகி மிதக்கும், குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கும். ட்ரவுட் குளிர்நீர் மீன். 20 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் அதற்கு மூச்சு முட்டும். அதனால் கோடை முழுவதும் ஆழத்திலேயே அடைந்து கிடக்கும்.

இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்க, காற்றும் சேர்ந்து கலக்க, ஏரி மேலிருந்து அடிவரை ஒருமுறை புரண்டுவிடும். அந்தப் புரளலில் காற்றிலிருந்து எடுத்த ஒட்சிசன் அடிவரைக்கும் போய்ச் சேர்கிறது. ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்தபின் மேற்பரப்பு மட்டும் மேலும் குளிர்கிறது. குளிர்ந்தது இலேசாக இருப்பதால் மேலேயே நின்று உறைகிறது. ஐஸின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்கும் தண்ணீர் 0 டிகிரி, ஆழம் போகப் போக 4 டிகிரியை நெருங்கும்.

இதனால் ட்ரவுட்டுக்கு என்ன இலாபம்? முதலாவது, சூடான அடுக்கு இல்லை, எந்த ஆழத்துக்கும் போகலாம். இரண்டாவது, ஒட்சிசன் தாராளம். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லீட்டரில் 9 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஒட்சிசனைக் கரைத்து வைக்கும். 0 டிகிரித் தண்ணீர் 14 மில்லிகிராமுக்கும் மேல் வைத்திருக்கும். மூன்றாவது, சாப்பாடு. கரையோரப் பாசியும் நீர்ச்செடியும் இன்னும் பச்சையாக இருக்கின்றன. பனி மூடாத தெளிந்த ஐஸ் வெளிச்சத்தை உள்ளே விடுவதால் அந்தச் செடிகள் ஒட்சிசனை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. தும்பியின் இளம்புழு, நன்னீர்க் கூனி, அட்டை, பொடிமீன் எல்லாம் அந்தச் செடிக்குள்ளும் விழுந்த மரக்கிளைகளுக்குள்ளும் இருக்கின்றன. ட்ரவுட் அங்கே வருவது அதற்காகத்தான்.

இந்த நிலை நீடிக்காது. ஐஸின் மேல் 20, 30 செ.மீ. பனி விழுந்து தங்கினால் கீழே இருட்டாகிவிடும். செடிகள் செத்து அழுகும். அழுகல் ஒட்சிசனைத் தின்னும். இந்த ஒட்சிசன் குறைவு அடியிலிருந்து மேல்நோக்கி ஏறும், ஆழமில்லாத செடிக்குடாக்களில் இன்னும் விரைவாக நடக்கும். ஜனவரி பிற்பகுதியில் மீன் கரையை விட்டுக் கலைந்துபோய், இரையைப் பார்த்தும் பார்க்காமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். முதல் ஐஸின் அருமை இதில்தான் இருக்கிறது.

எந்த ட்ரவுட்?

புரூக் ட்ரவுட் ஒன்ராறியோவின் சொந்த மீன். இங்கே பலரும் அதை 'ஸ்பெக்கிள்' என்பார்கள். விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு, வயிற்றுப்பக்கச் செட்டைகளின் முன்விளிம்பில் வெள்ளைக் கோடு. இந்த இரண்டையும் பார்த்தால் சந்தேகமே வராது. இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில், முட்டையிட்டு முடித்து உடல் தேற்றும் பசியோடு இருப்பதால் முதல் ஐஸின் நாயகன் இதுவே. ஒரு மீட்டர் தண்ணீருக்குள்ளும் வரும்.

ஸ்பிளேக் என்பது பெண் லேக் ட்ரவுட்டையும் ஆண் புரூக் ட்ரவுட்டையும் சேர்த்துப் பண்ணையில் உண்டாக்கிய கலப்பு. முதல் ஐஸில் கரையோரப் பாறைச் சரிவுகளில், 2 முதல் 5 மீட்டர் தண்ணீரில் பார்க்கலாம்.

ரெயின்போ ட்ரவுட்டின் பழக்கம் வேறு. அடியைப் பற்றி அதற்கு அக்கறை குறைவு. தண்ணீர் 6 மீட்டர் இருந்தாலும் ஐஸுக்குக் கீழே ஒன்றிரண்டு மீட்டரில் கூட்டமாகச் சுற்றிவரும். இரையை அடியில் இறக்கிவிட்டுக் காத்திருப்பவரின் தலைக்கு மேலாக, அதாவது இரைக்கு மேலாக, அது போய்க்கொண்டே இருக்கும். நீலகிரியின் அவலாஞ்சியிலும் நுவரெலியாவை அடுத்த மலை ஓடைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டு நிலைத்த ட்ரவுட் இதே இனம். அங்கே அது ஓடைநீரில் வாழ்கிறது. ஐஸுக்குக் கீழே அதன் நடத்தையைப் பார்க்க வடக்கே வரவேண்டும்.

ஏரியைத் தேர்தல்

ஒன்ராறியோ மாகாணம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80 இலட்சம் மீன்குஞ்சுகளை நீர்நிலைகளில் விடுகிறது. சாலை இல்லாத ஏரிகளுக்கு விமானத்திலிருந்து விடுவதும் உண்டு. எந்த ஏரியில் எந்த ஆண்டு எந்த மீன் எத்தனை விடப்பட்டது என்பதை மாகாணத்தின் 'ஃபிஷ் ஆன்லைன்' வரைபடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடியே செய்யும் இந்த அரைமணி நேர வேலை, ஐஸில் நான்கு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பார்க்க வேண்டியவை: கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புரூக் ட்ரவுட் அல்லது ஸ்பிளேக் விடப்பட்டிருக்கிறதா, ஏரி சிறியதா, ஆழமான இடம் ஆறு மீட்டருக்காவது இருக்கிறதா. முழுவதும் ஆழமில்லாத ஏரியில் பின்குளிர்காலத்தில் ஒட்சிசன் தீர்ந்து மீன் செத்துவிடும் ஆபத்து உண்டு. போன ஆண்டு விட்டது இந்த ஆண்டு இருக்காது. சிறிய ஏரியைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ட்ரவுட் ஓரிடத்தில் நிற்கும் மீன் அல்ல, சுற்றிக்கொண்டே இருக்கும். சிறு ஏரியில் அதன் சுற்று சிறியது, உங்கள் துளையைக் கடக்கும் வாய்ப்பு அதிகம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடாவில் வசிக்கும் 18 முதல் 64 வயதுக்காரருக்கு மீன்பிடி அனுமதியும் 'அவுட்டோர்ஸ்' அட்டையும் (மீன்பிடிப்போருக்கு மாகாணம் தரும் அடையாள அட்டை) வேண்டும். ஒன்ராறியோ மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. புரூக் ட்ரவுட் பிடிக்கும் காலம் பல வலயங்களில் செப்டம்பரோடு முடிந்துவிடும், ஆனால் குறிப்பிட்ட சில ஏரிகளுக்கு ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. அந்த ஆண்டின் ஒழுங்குவிதியில் உங்கள் வலயத்தையும், 'விதிவிலக்கு நீர்நிலைகள்' பட்டியலில் உங்கள் ஏரியின் பெயரையும் கண்ணால் பார்த்துவிட்டே புறப்படுங்கள். ஐஸில் பொதுவாக ஓர் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். இரண்டும் 60 மீட்டருக்குள், கண்ணுக்கு மறைவில்லாமல் இருக்கவேண்டும்.

ஐஸில் கால் வைக்குமுன்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஒருவர் நடக்கக் குறைந்தது 10 செ.மீ., அதாவது நான்கு அங்குலம், தெளிந்த புது ஐஸ் வேண்டும். தெளிந்த ஐஸ் கறுப்பாகவோ நீலமாகவோ தெரியும். உண்மையில் அது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால் கீழே உள்ள இருட்டைக் காட்டுகிறது. வெள்ளை ஐஸ் என்பது பனியும் தண்ணீரும் குழைந்து உறைந்தது, உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்தது. அதன் பலம் பாதிதான், எனவே 20 செ.மீ. வேண்டும். சாம்பல் நிற ஐஸில் தண்ணீர் ஊறியிருக்கிறது. எத்தனை தடிப்பானாலும் அதில் கால் வைக்காதீர்கள். மேலே வெள்ளையும் கீழே தெளிவும் கலந்திருந்தால் வெள்ளையைப் பாதியாகக் கணக்கிடுங்கள். 6 செ.மீ. வெள்ளை, 5 செ.மீ. தெளிவு என்றால் உங்கள் கணக்கில் அது 8 செ.மீ.தான், 11 அல்ல. திரும்பிப் போகவேண்டும்.

ஐஸ் ஒரே வேகத்தில் வளராது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐஸே ஒரு போர்வை. தடிக்கத் தடிக்கக் குளிர் கீழே இறங்க நேரமாகும். முதல் 5 செ.மீ. ஓர் இரவில் வந்தது என்பதற்காக அடுத்த 5 செ.மீ.யும் அடுத்த இரவில் வந்திருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. மெல்லிய ஐஸின் மேல் பனி விழுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பனி ஐஸை விடச் சிறந்த போர்வை, வளர்ச்சியை அப்படியே நிறுத்திவைக்கும். அதோடு மெல்லிய இடத்தையும் மறைத்துவிடும்.

கையில் ஒரு ஐஸ் உளி வேண்டும். ஒன்றரை மீட்டர் நீள இரும்புத் தண்டு, நுனியில் தட்டையான கூர். வீட்டிலுள்ள அலவாங்கும் (தமிழ்நாட்டில் கடப்பாரை) இந்த வேலையைச் செய்யும், கை சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பதுதான் குறை. கைப்பிடியில் கயிற்றுக் கண்ணி போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே குத்தில் துளைத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விடும். ஒவ்வோர் அடி வைக்குமுன்னும் முன்னால் உள்ள ஐஸை ஓங்கி இரண்டு முறை ஒரே இடத்தில் குத்துங்கள். உளி துளைத்தாலோ தண்ணீர் கசிந்தாலோ, கால்களை உயர்த்தாமல் சறுக்கியபடி வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். சத்தத்தையும் கேளுங்கள். நல்ல ஐஸ் 'டங்' என்று இறுகி ஒலிக்கும், மோசமானது மந்தமாகப் 'பொத்' என்னும். கரையிலிருந்து ஐந்தாறு அடி எடுத்துவைத்ததும் ஒரு துளை போட்டு அளவுநாடாவால் அளக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு இருபது முப்பது அடி எடுத்துவைத்ததும் இன்னொன்று.

கரையோரம் பாதுகாப்பு என்றோம். அதற்கும் விலக்கு உண்டு. ஓடை வந்து விழும் வாய், ஏரி வெளியேறும் வாய், இரண்டு பகுதிகளைச் சேர்க்கும் இடுக்கு, அடியூற்று, பீவர் என்னும் நீர்விலங்கு கட்டிய வீடு, ஐஸைத் துளைத்து நிற்கும் மரக்கட்டை, கறுத்த பாறையோரம், இவை எல்லாம் பலவீனமானவை. சங்கடம் என்னவென்றால் ஓடை வாயும் விழுந்த மரமும் ட்ரவுட்டுக்கும் பிடித்த இடங்கள். அங்கேதான் மீன் இருக்கிறது என்று தெரிந்தாலும் 20 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். சுற்றிவரும் மீன் உங்களிடமும் வரும்.

கழுத்தில் ஐஸ் ஊசிச் சோடி தொங்கவேண்டும். இரண்டு கைப்பிடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூர்முனை. பைக்குள் இருக்கும் ஊசி தண்ணீருக்குள் உதவாது. மிதக்கும் அங்கி, 15 மீட்டர் கயிறு, விசில், நீர்புகாப் பையில் கைத்தொலைபேசி, பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை, இவையும் வேண்டும். தனியாகப் போகவேண்டாம். இருவராகப் போனால் பத்து மீட்டர் இடைவெளி விட்டு நடங்கள்.

விழுந்துவிட்டால்? குளிர்நீரில் மனித உடல் என்னாகும் என்பதை மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் தம் உடம்பிலேயே பலமுறை சோதித்தவர். அவர் பரப்பிய கணக்கு '1-10-1'. முதல் 1 நிமிடம் மூச்சு வாரிக்கொண்டு திணறும், அதை அடக்குவது மட்டுமே உங்கள் வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், ஏறுவது அதற்குள் நடக்கவேண்டும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரமாகும். ஆகவே முதல் நிமிடத்தில் பதறித் துடிப்பதுதான் கெடுதல். வந்த திசைக்குத் திரும்புங்கள், உங்களைத் தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. ஊசியை ஐஸில் குத்தி, கால்களை நீச்சல்போல் பின்னால் உதைத்து உடலைக் கிடையாக்கி, வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே தள்ளிப் போங்கள்.

சாமான்கள்

அதிகம் வேண்டாம். கையால் சுற்றும் 6 அங்குலத் துளைப்பான் போதும். இரண்டு கிலோ ட்ரவுட் வரை அந்தத் துளையால் தாராளமாக வரும், 10 செ.மீ. ஐஸை ஒரு நிமிடத்துக்குள் அறுத்துவிடும். பெட்ரோல் துளைப்பானின் அதிர்வு ஆள் உயரத் தண்ணீரில் நிற்கும் மீனை விரட்டிவிடும் என்பதால் முதல் ஐஸுக்குக் கைத்துளைப்பானே மேல். அதன் கத்தி சவர அலகுபோலக் கூரானது. ஒரு மீட்டருக்கும் குறைந்த தண்ணீரில் அழுத்திச் சுற்றினால் ஐஸ் அறுந்த மறுகணம் கத்தி மணலில் இறங்கும். ஒருமுறை மணலைத் தொட்ட கத்தி பிறகு ஐஸை அறுக்காது, தேய்க்கும். தொடங்குபவர்கள் 'துளைப்பான் சரியில்லை' என்று முறையிடுவதில் பெரும்பகுதி இதுதான்.

துளையில் மிதக்கும் ஐஸ் துருவலை அள்ளப் பெரிய கண்ணகப்பை ஒன்று. 60 முதல் 75 செ.மீ. நீளத் தூண்டில் தடி, நுனி வளைந்துகொடுப்பது. சிறிய சுருள் ரீல். 4 இறாத்தல் (பவுண்டு) இழுவை தாங்கும் புளோரோகார்பன் தங்கூசி (தமிழ்நாட்டில் தூண்டில் நரம்பு). ஸ்பிளேக் பெரிதாக இருக்கும் ஏரியானால் 6 இறாத்தல். பின்னல் நூல் கோடைக்கு நல்லது, குளிரில் தண்ணீரை உறிஞ்சி விறைத்துக் குச்சியாகிவிடும்.

தூண்டில் முனைக்கு மூன்று வகை போதும்: 1.5 முதல் 2 கிராம் எடையுள்ள சிறு ஜிக் (தலையில் உலோகக் குண்டு பதித்த முள்), 2 முதல் 4 கிராம் ஒடுங்கிய வெள்ளி அல்லது செப்பு நிற ஸ்பூன் (முள் கோத்த பளபளக்கும் உலோகத் தகடு), 8 அல்லது 10 இலக்கத் தனிமுள் (முள்ளில் இலக்கம் கூடக்கூட அளவு சிறிதாகும்). ஸ்பூனுக்கு ஒரு முழம் மேலே மிகச் சிறிய சுழலி கட்டுங்கள். கட்டாவிட்டால் ஸ்பூன் சுழன்று சுழன்று தங்கூசி முறுக்கேறி ரீலிலிருந்து வளையம் வளையமாகக் கழன்று விழும்.

இரைக்கு மண்புழுத் துண்டு, ஒரு விரல் அகல நீளம், போதுமானது. மீல்புழுவும் நல்லது. பொடிமீன் பிடித்தமான இரைதான், ஆனால் ஒன்ராறியோவில் அதற்கு வலயக் கட்டுப்பாடும் பற்றுச்சீட்டு விதியும் உண்டு. பல ட்ரவுட் ஏரிகளில் அது முழுத் தடை. இந்தத் தடையைத் தொல்லையாக நினைக்கக்கூடாது. இரைவாளியில் மிஞ்சிய மீனை யாரோ ஏரிக்குள் கொட்டிவிட்டுப் போவதால் மஞ்சள் பேர்ச் போன்ற மீன் புகுந்து, குஞ்சு ட்ரவுட்டின் உணவையெல்லாம் தின்று, புரூக் ட்ரவுட் ஏரியையே அழித்துவிடுகிறது. அப்படிக் கெட்ட ஏரியைத் திருத்துவது மிகக் கடினம். எந்த இரைவாளியையும், எந்தக் காரணத்துக்காகவும், ஏரியில் கொட்டாதீர்கள். புழுவை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள், வெளியே வைத்தால் பத்து நிமிடத்தில் கல்லாகும்.

துளை போடும் ஒழுங்கு

விடியுமுன் ஏரியில் இருப்பது பாதி வெற்றி. சூரியன் மரத்துக்கு மேல் வருமுன் உள்ள ஒரு மணி நேரத்தில் ட்ரவுட் மிக ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். மாலையில் கடைசி ஒரு மணி நேரமும் அப்படியே. நடுப்பகலில் மந்தம்.

ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையையோ, கரையிலிருந்து விழுந்து கிடக்கும் மரத்துக்கு 20 மீட்டர் தள்ளிய இடத்தையோ தேர்ந்து, கரைக்குச் செங்குத்தாக ஒரு வரிசை போடுங்கள். முதல் துளை ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய தண்ணீரில், கடைசி நான்கு மீட்டர் தண்ணீரில், இடையில் மூன்று. செங்குத்தாகச் சரியும் கரையானால் ஐந்தும் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். சமதளமாகப் போகும் கரையில் நான்கு மீட்டர் ஆழத்தைத் தேடி நெடுந்தூரம் நடக்கவேண்டியிருந்தால், அந்த ஆழத்தை விட்டுவிடுங்கள். ஆழத்தை அறிய, முள்ளில் ஓர் ஈயக்குண்டை மாட்டி இறக்கிப் பார்த்தால் போதும், மின்கருவி வேண்டியதில்லை.

எல்லாத் துளையையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். ஒன்றைப் போட்டுப் பார்த்து, மீன் இல்லை என்று பக்கத்தில் இன்னொன்று போடுவது, ஒவ்வொரு முறையும் மீனை விரட்டிவிட்டு மறுபடி அழைப்பதற்குச் சமம். போட்டு முடித்ததும் இருபது நிமிடம் அசையாமல் இருங்கள், தேநீருக்கு அதுவே நேரம்.

பனி மூடாத தெளிந்த ஐஸ் ஒரு சன்னல். நீங்கள் நடப்பதைக் கீழேயிருந்து ட்ரவுட் பார்க்கும், முள்பட்டையின் கிறீச்சொலி தண்ணீரில் தெளிவாகக் கேட்கும். தாவி நடக்காமல் மெல்லக் கால் வைக்கவேண்டும். துளைக்குள் விழும் வெளிச்சக் கம்பமும் மீனை வெருட்டும். அதற்கு ஒரு வழி உண்டு: அள்ளிய துருவலில் கொஞ்சத்தைத் திரும்பத் துளைக்குள் போட்டு, தங்கூசி போகுமளவு விரலால் வழிவிடுங்கள். உள்ளே இருட்டாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் தூவிய பனி இருக்கும் நாள்தான் எல்லாவற்றிலும் உத்தமம்.

இரையை ஆட்டுவதும் மீனைத் தூக்குவதும்

ஆழம் குறைந்த துளையில் இரையை அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். தடி நுனியை 20, 30 செ.மீ. தூக்கி, தங்கூசி தளராமல் கூடவே இறக்குங்கள். ஸ்பூன் படபடத்து இறங்கும். பிறகு பத்து விநாடி ஒன்றும் செய்யாதீர்கள். ஆட்டுவது மீனைக் கூப்பிடுவதற்கு. கவ்வுவது பெரும்பாலும் அந்த அமைதியில்தான் நடக்கும். தொடங்குபவர் செய்யும் பெரும்பிழை ஓயாமல் ஆட்டுவது. ஒரு துளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அடியில் பலனில்லையென்றால் இரையை ஐஸுக்குக் கீழே ஒரு மீட்டருக்கு ஏற்றிப் பாருங்கள். ரெயின்போ ஏரியில் இங்கிருந்தே தொடங்கவேண்டும்.

ஒன்றரை மீட்டர் தண்ணீரில் கருவிகளை விட நல்லது கண். பாய் விரித்துக் குப்புறப் படுத்து, அங்கித் தொப்பியால் துளையைச் சுற்றி இருட்டாக்கிப் பார்த்தால், அடியிலுள்ள இலையும் கூழாங்கல்லும் துலங்கும். ட்ரவுட் எங்கிருந்தோ வந்து ஸ்பூனுக்கு முன் நின்று, பார்த்து, திரும்பிப் போவது தெரியும். எந்த அசைவுக்கு அது திரும்பி வந்தது என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு வேறு பாடம் தேவைப்படாது. படுக்குமுன் அந்த இடத்தின் தடிப்பை அளந்திருக்கவேண்டும்.

இரண்டாவது தூண்டிலைப் பத்து மீட்டர் தள்ளி, வெறும் முள்ளில் புழுவோடு, ஆட்டாமல் விடுங்கள். மீன் இழுத்தால் கொடி நிமிரும் 'டிப்-அப்' இதற்கு வசதி. கொடி எழுந்ததும் ஓடாதீர்கள், நடங்கள். தங்கூசியைக் கையில் மெல்ல எடுத்து, மீனின் கனம் தெரிந்தபின் ஒரு சிறு இழுப்பு.

ட்ரவுட்டின் வாய் மென்மையானது. வெடுக்கென்று இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ரீலின் இழுவையைத் தளர்வாக வையுங்கள்: கையால் இழுத்தால் தங்கூசி தயங்காமல் வரவேண்டும். குளிரில் இழுவை உறைந்து இறுகிவிடுவதால் அரைமணிக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நான்கு இறாத்தல் தங்கூசி அறுவது பெரும்பாலும் ஐஸின் கீழ் விளிம்பில்தான். மீன் பக்கவாட்டில் ஓடும்போது அந்த விளிம்பு அரம்போல அறுக்கும். மீன் ஓடுகையில் தடி நுனியைத் துளைக்குள் தண்ணீர்வரை தாழ்த்துங்கள், தங்கூசி விளிம்பைத் தொடாது. தலை துளைக்குள் திரும்பிய கணத்தில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக மேலே கொண்டுவாருங்கள்.

தடியின் வளையங்களில் ஐஸ் கட்டினால் தட்டி உடைக்கவேண்டாம், நுனி முறியும். தண்ணீருக்குள் சில விநாடி அமிழ்த்துங்கள், அல்லது விரலால் பிடித்து உருக்குங்கள். முடிச்சு இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த முடிச்சு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலமிழக்கும்.

விடப்போகும் மீனைப் பனியில் போடாதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் செவுளும் கண்ணும் நொடிகளில் உறையத் தொடங்கும், நீந்திப் போனாலும் பிழைப்பது சந்தேகம். துளையின் தண்ணீரிலேயே வைத்து, இடுக்கியால் முள்ளைக் கழற்றி, தலை கீழாக வழிகாட்டி விடுங்கள். வைத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்று, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்யுங்கள். ட்ரவுட்டின் சதை மென்மையானது, குடலோடு கிடந்தால் சுவை கெடும். செதிள் மிகச் சிறியது, சீவத் தேவையில்லை. எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது அனுமதியின் வகையையும் ஏரியையும் பொறுத்தது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோனால் சிறு ஏரி ஒரு வாரத்தில் வெறுமையாகிவிடும்.

துணிக் கூடாரம் போட்டுச் சிறு அடுப்பு வைப்பவர்கள் மேலும் கீழும் காற்றுவழி திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடைத்த கூடாரத்தில் சேரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலியும் மயக்கமும் குளிரால் என்று நினைத்துக்கொண்டே ஆள் போய்விடக்கூடும்.

கிளம்பும்போது துளைகளை அப்படியே விட்டுப் போகமுடியாது. பொதுமக்கள் நடமாடும் ஐஸில் திறப்பு உண்டாக்கியவர், மற்றவர் அதில் விழாதபடி காத்து எச்சரிக்கை வைக்கவேண்டும் என்பது கனடாவின் குற்றவியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆறு அங்குலத் துளையில் ஆள் மூழ்கமாட்டார். ஆனால் இரவில் பனி மூடியபின் அதில் கால் சிக்கி எலும்பு முறியும், குழந்தையோ நாயோ மாட்டிக்கொள்ளும். அள்ளிய துருவலைத் துளைக்குள் தள்ளி நிரப்பி, கரையில் விழுந்து கிடக்கும் ஒரு பைன் கிளையை நட்டுவிடுங்கள். காலைக்குள் அது உறைந்து நிற்கும். அடுத்த நாள் வருபவருக்கு, இங்கே துளை இருந்தது, இந்த இடம் வரை நடந்து வந்திருக்கிறார்கள் என்று தெரியும். அவரும் தம் உளியால் குத்திப் பார்த்தே வரவேண்டும், ஏனென்றால் நேற்றைய ஐஸ் இன்றைக்கு அதே ஐஸ் அல்ல.